அடைக்கலமும் ஐந்து கையொப்பங்களும்

சில மாதங்களுக்கு முன், சிதம்பரத்தில் நடைபெற்ற இலக்கியக் கூட்டம் ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பாரதியாரின் புதுச்சேரி வாழ்க்கை அன்றைய பொருள். பேசியவர் மூவரும் நன்றாகவே பேசினர். ஆங்கிலேயரின் பிடிக்குத் தப்பிப் பிரெஞ்சு மண்ணில் கால் வைத்த கவிஞர், அங்கே பத்தாண்டுக் காலம் இருந்து தமிழுக்கு அளித்த செல்வங்களை அடுக்கிக் காட்டினர். 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' என்று பெயர்கள் வர வர அவை மகிழ்ந்தது. கூட்டம் முடியும் தறுவாயில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "புதுச்சேரியை விட்டு வந்ததும் கடலூர்ச் சிறையிலிருந்து பாரதியார் சென்னை ஆளுநருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினாரே, அதைப் பற்றி ஏன் ஐயா யாரும் பேசவில்லை?" என்று கேட்டார். அவையில் முணுமுணுப்பு எழுந்தது. தலைமை வகித்த பெரியவர், "நல்ல நாளில் அதெல்லாம் எதற்குத் தம்பி? உட்காருங்கள்" என்று அமர்த்திவிட்டார். நாமும் வாய் திறந்தோமில்லை. இரவு கடலூருக்குத் திரும்பும் வழி முழுதும் அந்த மௌனம் நம்மை உறுத்திற்று.

அம்மாணவரின் கேள்வியில் அவமதிப்பு ஏதுமில்லை. நம் இலக்கியம் விடை சொல்லாமல் விட்டுவைத்த கேள்வி அது. அடைக்கலம் என்றதும், அளித்தவரின் பெருந்தன்மையையும் பெற்றவரின் வீரத்தையும் எழுதுவதே நம் எழுத்தாளரின் வழக்கமாகிவிட்டது. இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவே அகதியாக நிற்பவனை அவ்விரு அரசாங்கங்களின் கொள்கையும் என்ன பாடு படுத்தின என்பதை எழுதுவோர் குறைவு. அது எழுதப்படாததால்தான் கடலூர் விண்ணப்பம் மறைக்கத்தக்க களங்கம்போல் நமக்குத் தோன்றுகிறது. அன்று சொல்லத் தவறியதை இங்கே சொல்லிப் பார்ப்போம்.

வாயிற்படியில் இருந்த ஊர்

முதலில் நிலத்தின் அமைப்பை நோக்குவோம். அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகர் கடலூர். அதற்கு வடக்கே சில கல் தொலைவில் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. இவ்விரண்டிற்கும் இடையில் ஒரே நேர்க்கோடாக எல்லை ஓடவில்லை. பாகூர்ப் பக்கம் சென்றவர்கள் அறிவர்: பிரெஞ்சு ஊரும் ஆங்கிலேய ஊரும் சதுரங்கக் கட்டங்களைப் போல மாறி மாறிக் கிடந்தன. பிரெஞ்சுக்காரரின் இன்னோர் ஊரான காரைக்கால் தெற்கே இருந்தது. புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குத் தரைவழியே செல்ல வேண்டுமாயின் கடலூரையும் சிதம்பரத்தையும் கடந்து, கொள்ளிடத்தைத் தாண்டியாக வேண்டும். அதாவது, பிரெஞ்சு மண்ணில் தஞ்சம் புகுந்த ஒருவர் அதே பிரெஞ்சு அரசின் மற்றோர் ஊருக்குப் போவதற்கும் ஆங்கிலேயக் காவலரின் கண்முன்னே நடந்தாக வேண்டும். கடலூரும் சிதம்பரமும் அகதிக்கு வெறும் ஊர்ப்பெயர்கள் அல்ல. அடைக்கலம் எங்கே முடிகிறது என்பதைக் காட்டும் எல்லைக்கற்கள்.

இவ்வட்டாரம் தஞ்சம் புகுவோரைக் கண்டது பாரதியார் காலத்தில்தான் என்பதும் இல்லை. 1740ஆம் ஆண்டு மே மாதத்தில், தாமலேறிக் கணவாயில் நடந்த போரில் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி மராட்டியரால் கொல்லப்பட்டார். அவருடைய குடும்பத்துப் பெண்மக்களும், அவருடைய மருமகன் சந்தா சாகிபின் மனைவி மக்களும் புதுச்சேரிக் கோட்டை வாயிலில் வந்து நின்றனர். அப்போது அங்கே ஆளுநராக இருந்தவர் துய்மா. அவர் கதவைத் திறந்துவிட்டார். மராட்டியத் தளபதி ரகோஜி போன்ஸ்லே, தஞ்சம் புகுந்தவர்களை ஒப்படைக்குமாறு கேட்டனுப்பியபோது மறுத்தும்விட்டார். இது மெச்சத்தக்க செயல் என்பதில் ஐயமில்லை. எனினும் அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1739இல், சந்தா சாகிபின் துணையோடு காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்தது என்பதையும், பின்னர் மொகலாயப் பேரரசர் துய்மாவுக்கு நவாப் பட்டமே அளித்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நன்றியும் இருந்தது, கணக்கும் இருந்தது. துய்மா காலத்துப் புதுச்சேரியைப் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்' என்னும் நாவலில் உயிர்ப்பித்துத் தந்தார். அரசர் கதை என்று நாம் ஒதுக்கிவிட்ட வரலாற்றுக்குள் எளிய மனிதரைக் கொண்டுவந்தது அவருடைய சாதனை. கோட்டை வாயிலில் நின்ற அந்த முஸ்லிம் பெண்களின் வாய்மொழியாகவே அக்கதையைச் சொல்லும் நூல் ஒன்றும் வர வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம்.

ஆறாண்டு கழித்துக் காற்று மாறி வீசிற்று. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக இருந்த இளைஞன் ராபர்ட் கிளைவ் இரவோடிரவாகத் தப்பி, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு ஓடிவந்தான். அவன் முஸ்லிம் உடையில் வந்தான் என்று மெக்காலே எழுதியிருக்கிறார். 164 ஆண்டுகளுக்குப் பின், 1910இல், இலண்டனிலிருந்து தப்பிய வ.வே.சு. ஐயரும் முஸ்லிம் வேடம் பூண்டே புதுச்சேரி வந்து சேர்ந்தார் என்பர். ஒருவன் இந்நாட்டைப் பிடிக்க வந்தவன். மற்றவர் விடுவிக்க முயன்றவர். இருவருக்கும் நம் உடை பாதுகாப்புச் சீட்டாக இருந்தது! அந்நாளில் இக்கடற்கரையில் முஸ்லிம் பயணி ஒருவரைக் கண்டால் யாரும் நின்று உற்றுப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பரங்கிப்பேட்டைக் கப்பல் வணிகரும் காரைக்கால் மரைக்காயரும் எல்லைகளைக் கடந்து போய்வந்த நெடுங்காலப் பழக்கத்தின் பயன் அது.

நூல்கள் காட்டும் புதுச்சேரி

1908இல் 'இந்தியா' வார இதழின் மீது வழக்கு வந்தது. சட்டப்படி பதிவு பெற்றிருந்த சீனிவாசன் சிறை சென்றார். எழுத்துக்கு உரியவரான பாரதியார் நண்பர்களின் வற்புறுத்தலால் புதுச்சேரி சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் 'இந்தியா' அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது; ஆங்கில ஆட்சிப் பகுதிக்குள் அது நுழைய முடியாதபடி அடைக்கப்படவே 1910 மார்ச்சில் நின்றுபோயிற்று. அதே 1910 ஏப்ரல் 4இல் அரவிந்தர் கப்பலில் வந்திறங்கினார். ஆண்டு முடிவதற்குள் ஐயர் வந்தார். இவை யாவரும் அறிந்த செய்திகள்.

இக்காலத்தை நமக்குக் காட்டும் நூல்களில் மூன்றைக் குறிப்பிடலாம். முதலாவது வ.ரா.வின் 'மகாகவி பாரதியார்'. புதுச்சேரியில் உடனிருந்து பழகியவர் எழுதியது. பாரதியாரின் நடையையும் பார்வையையும் சிரிப்பையும் அதைப்போல் வேறு நூல் தரவில்லை. ஆனால் வ.ரா. தீட்டியது ஒரு வீரனின் ஓவியம். அவ்வோவியத்தில் அரசாங்கம் பின்னணித் திரையாகவே தொங்குகிறது. இரண்டாவது ரா.அ. பத்மநாபனின் 'சித்திர பாரதி'. 1957இல் வெளிவந்த இந்நூல் படங்களையும் ஆவணங்களையும் தேடித் தொகுத்த பெரும்பணி. நாளும் ஊரும் பெயரும் தவறாமல் வேண்டுவோர் இன்றும் இதையே நாட வேண்டியிருக்கிறது. ஆயினும் தொகுப்பவரின் அடக்கம் இந்நூலுக்கு உண்டு. தீர்ப்புச் சொல்ல அது முன்வருவதில்லை.

மூன்றாவது, யதுகிரி அம்மாளின் 'பாரதி நினைவுகள்'. மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகளான இவர் சிறுமியாகப் பாரதியார் வீட்டில் ஓடியாடியவர். அரசியல் இவருக்குத் தெரியாது. அதுவே இந்நூலின் பலம். கூடத்திலும் அடுக்களையிலும் கடற்கரையிலும் நின்று பார்த்ததை மட்டும் சொல்கிறார். ஊர் திரும்ப முடியாத ஆடவர்களைச் சுற்றிச் செல்லம்மாளும் மற்றப் பெண்களும் குழந்தைகளும் எப்படி நாள்களை நகர்த்தினர் என்பது இங்கேதான் தெரிகிறது. நாடுகடந்த வாழ்வு என்பது வீரவுரையாக மட்டும் இருப்பதில்லை. அது வாடகை, கடிதம், காத்திருப்பு, உறவினர் வீட்டு நன்மை தீமைக்குப் போக முடியாமை ஆகியவற்றாலானது. இம்மூன்றில் எதை முதலில் படிக்கலாம் என்று எம்மைக் கேட்டால், தயங்காமல் இதையே சொல்வோம்.

மூன்று நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தால் இன்னொன்றும் புலப்படும். பிரெஞ்சு அரசு சுதேசிகளைக் காத்தது என்று நாம் ஒரு வரியில் சொல்லிவிடுகிறோமே, அந்த வரி உண்மையின் கால்பங்குதான்.

கொடியும் கையொப்பமும்

அரசியல் குற்றம் சாட்டப்பட்டவரை மற்றோர் அரசிடம் ஒப்படைப்பதில்லை என்பது அக்கால ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் மரபு. புதுச்சேரி அம்மரபின் நிழலில் இருந்தது. ஆனால் அதே பிரெஞ்சு மண்ணில், 1910 ஜூலையில், மார்செய்ல் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்துக் கரையேறிய சாவர்க்கரை ஒரு பிரெஞ்சுக் காவலரே பிடித்து ஆங்கிலேயரிடம் கொடுத்தார். வழக்கு ஹேக் நகரத் தீர்ப்பாயம் வரை சென்றது. பிடித்துக் கொடுத்தது முறையன்று என்றாலும் திருப்பித் தர வேண்டியதில்லை என்று 1911 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. சாவர்க்கரின் பிற்கால அரசியல் நமக்கு ஒருபோதும் உடன்பாடாகாது. ஆயினும் கரையேறியவனின் கொள்கையைப் பார்த்து அடைக்கலச் சட்டத்தை அளக்கலாகாது. அன்று அவருக்கு இழைக்கப்பட்டதும் அநீதியே. ஆளுக்கேற்ப மாறும் அடைக்கலம் நாளை நமக்கும் கதவை அடைக்கும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆக, மார்செய்லில் கைவிட்ட கொடியேதான் புதுச்சேரியில் காத்தது. அக்காவலும் எத்தகையது? 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் புதுச்சேரித் தெருக்களில் ஆங்கிலேய உளவாளிகள் மொய்த்தனர். அங்கிருந்த ஆங்கிலேய அஞ்சலகத்தின் வழியே வரும் கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டன. ஐயர் வீட்டுக் கிணற்றில் பொய்ச்சான்றுகள் அடங்கிய ஜாடியைப் போட்டு அவரை மாட்டிவைக்க முயன்ற சூழ்ச்சியும் நடந்தது. அந்த ஜாடியைச் சுதேசிகளே எடுத்துப் பிரெஞ்சுக் காவல்துறையிடம் கொடுத்து அதை முறியடித்தனர்.

இந்த நெருக்கடியில்தான் வெளியாரைப் பற்றிய ஒரு விதியைப் பிரெஞ்சு அரசு கொண்டுவந்தது. வெளியிலிருந்து வந்து தங்கியிருப்போர் தம் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். அவர்தம் நன்னடத்தைக்கு உள்ளூரில் மதிப்புடைய ஐவர் கையொப்பமிட வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும். ஆங்கிலேயரை மறுத்தது போலவும் இருக்க வேண்டும், அவர்கள் விருப்பம் நிறைவேறியது போலவும் இருக்க வேண்டும்! கொள்கை என்பது பல வேளைகளில் இப்படித்தான் நடக்கிறது. கதவை மூடுவதில்லை; படியை உயர்த்திவிடுகிறது.

அந்த ஐந்து கையொப்பங்களைத் திரட்டிக் கொடுத்தவர் கலவை சங்கரச் செட்டியார். அரவிந்தர் வந்திறங்கியபோது முதல் ஆறு மாதம் தம் வீட்டு மேன்மாடியில் தங்கவைத்தவரும் அவரே. கையொப்பமிட்டவர்கள் ஊரில் தொழிலும் சொத்தும் மானமும் உடையவர்கள். உளவாளிகள் சூழ்ந்த நாளில், பிற ஆட்சியால் தேடப்படுவோருக்காகத் தம் பெயரை எழுதிக் கொடுப்பது சிறிய செயலன்று. பிரெஞ்சு அரசு தன் விதியைப் பார்த்தது. ஆங்கில அரசு தன் பட்டியலைப் பார்த்தது. அண்டை வீட்டார்தாம் மனிதரைப் பார்த்தனர். 'குளத்தங்கரை அரசமரம்' என்னும் கதையையும், திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஐயர் புதுச்சேரியில் இருந்துகொண்டே தமிழுலகுக்குத் தந்தார். பாரதியாரின் பெரும்படைப்புகளும் அங்கே பிறந்தவையே. நவீனத் தமிழின் பெரும்பகுதி அந்த ஐந்து கையொப்பங்களின்மேல் நிற்கிறது என்றால் அது மிகையன்று. ஆனால் நம் பாடநூல்களில் பிரெஞ்சுக் கொடி பறக்கிறது; கையொப்பமிட்டவர்களின் பெயர்களைக் காணோம்.

கடலூர் விண்ணப்பம்

1914இல் உலகப்போர் மூண்டது. பிரான்சும் இங்கிலாந்தும் தோழமை நாடுகளாயின. ஒப்படைக்க மாட்டோம் என்ற உறுதி தளர்ந்தது. சுதேசிகளை அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சும் எழுந்ததாக அக்காலத்தைப் பற்றி எழுதியோர் குறித்துள்ளனர். மறுபுறம், வெளியிலிருந்து இந்தியாவுக்குள் நுழைவோரைத் தடுத்துவைக்க ஆங்கில அரசு அதே ஆண்டில் ஓர் அவசரச் சட்டம் செய்தது. அடைக்கலம் தந்தவனும் துரத்தியவனும் கைகோத்துக்கொண்டால் நடுவே நிற்பவன் எங்கே போவான்?

1918 நவம்பர் 11இல் போர் ஓய்ந்தது. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 20இல், பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லையைக் கடந்ததும் கடலூர் அருகே கைதானார். அவர்மேல் அன்று விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. எல்லையைக் கடந்ததே காரணம். கடலூர்ச் சிறையிலிருந்து நவம்பர் 28இல் ஆளுநர் பெண்ட்லண்டுக்கு விண்ணப்பம் எழுதினார். அரசியலிலிருந்து விலகியிருப்பதாகவும் அரசுக்கு அடங்கியிருப்பதாகவும் அதில் உறுதி கூறினார். அன்னி பெசன்ட், சி.பி. இராமசாமி ஐயர் முதலியோர் முயன்றனர். டிசம்பர் 14இல் விடுதலை கிடைத்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் தங்க வேண்டும், எழுதுவதைக் காவல்துறைக்குக் காட்டிய பின்பே வெளியிட வேண்டும் என்னும் நிபந்தனைகளும் உடன் வந்தன. அவை 1920இல்தான் நீங்கின. அதற்கு அடுத்த ஆண்டே, 1921 செப்டம்பரில், கவிஞர் மறைந்தார்.

இவ்விண்ணப்பத்தைச் சிலர் மறைக்கின்றனர். வேறு சிலர் இதையே கையில் எடுத்துக்கொண்டு கவிஞரைச் சிறுமைப்படுத்துகின்றனர். இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பது நம் கருத்து. இருவருமே இதைப் பாரதியாரின் நெஞ்சுறுதியை அளக்கும் கோலாகக் கொள்கின்றனர். எழுதியவரை விட்டுவிட்டு, எழுதவைத்தவர்களை நோக்கி அத்தாளைத் திருப்பிப் பிடித்துப் படித்தால் என்ன? பத்தாண்டுக் காலம் இதழை இழந்து, கடிதமும் பணவிடையும் இடையிலே மறிக்கப்பட்டு, மனைவி மக்களோடு வறுமையில் உழன்று, தஞ்சம் தந்த அரசே வேறிடம் பார் என்னும் நிலைக்கு வந்தபின், சொந்த ஊருக்குப் போக எல்லை தாண்டியவரிடம் ஓர் அரசு கேட்ட நுழைவுக்கட்டணம் அது. அடைக்கலம் உரிமையாக இல்லாமல் சலுகையாக இருந்தால் அதன் கடைசிப் பக்கம் இப்படித்தான் எழுதப்படும். அவ்விண்ணப்பம் பாரதியாரைப் பற்றிச் சொல்வதைவிட அன்றைய இரு அரசுகளைப் பற்றிச் சொல்வது அதிகம்.

நாடுகடந்த வாழ்வு அவரைத் தன்னலத்தில் சுருக்கிவிடவில்லை என்பதற்கும் சான்றுண்டு. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் படும் துயரைப் பாடியவர் அவர். 1920இல் பொட்டல்புதூரில் நம்மவரிடையே இஸ்லாத்தின் மகிமையைப் பற்றி உரையாற்றியவரும் அவரே. 'ரயில்வே ஸ்தானம்' என்னும் கதையில் முஸ்லிம் திருமணச் சட்டம் பற்றி நேர்ந்த பிழையை ஒரு முஸ்லிம் நண்பர் சுட்டியபோது அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு எழுதினார். தவறைத் தவறு என்று அச்சில் ஏற்றத் துணிந்த ஒருவரின் வரலாற்றை நாம் மூடி மறைத்துக் காப்பாற்ற வேண்டியதில்லை.

நம் வரலாற்றின் உரைகல்

அடைக்கலத்தை எடைபோட நமக்கு ஓர் உரைகல் உண்டு. நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், கி.பி. 615 அளவில், மக்கத்துக் கொடுமை தாளாமல் முஸ்லிம்கள் சிலர் கடல் கடந்து ஹபஷா நாட்டுக்குச் சென்றனர். அவர்களைத் திருப்பித் தருமாறு கேட்கக் குறைஷியர் அம்ரு இப்னுல் ஆஸையும் அப்துல்லாஹ் இப்னு அபீ ரபீஆவையும் தோல் பொருள்களைக் காணிக்கையாகக் கொடுத்து அனுப்பினர். முதலில் அரசவையினருக்குத் தனித்தனியே காணிக்கை, பின்பே அரசருக்கு! ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்தும் ராஜதந்திரம் பெரிதாக மாறிவிடவில்லை. கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியோ, அகதிகளின் வாயால் கேளாமல் தீர்ப்பதில்லை என்றார். ஜஅஃபர் (ரலி) பேசினார். சூரா மர்யமிலிருந்து ஓதினார். மன்னர் காணிக்கையைத் திருப்பிக் கொடுத்து, ஆட்களைக் கொடுக்க மறுத்தார். முதலில் கேட்டது அகதியின் வாக்குமூலத்தை, பிறகு மறுத்தது அண்டை நாட்டின் பரிசை: அடைக்கலச் சட்டத்தின் இரண்டு தூண்களும் இவையே. அன்று அங்கே இருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்கள் சொல்லியே இவ்வரலாறு நமக்குக் கிடைத்தது என்பதை எண்ணும்போது யதுகிரி அம்மாளின் நூல் நினைவுக்கு வருகிறது. அரசவையின் ஏடு சொல்லாததை அகதிக் குடும்பத்துப் பெண்மணி சொல்கிறார்.

நம்மவர்கள் எழுதும் வரலாற்று நூல்கள் இந்நிகழ்ச்சியை விரிவாகவே எழுதுகின்றன. மதீனத்து அன்சாரிகளின் விருந்தோம்பலையும் உருக்கமாக வருணிக்கின்றன. ஆனால் ஹிஜ்ரி 6இல் ஏற்பட்ட ஹுதைபிய்யா உடன்படிக்கைக்கு வரும்போது சிலருடைய பேனா விரைகிறது. மக்காவிலிருந்து தப்பி வருவோரைத் திருப்பியனுப்ப வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் ஒரு நிபந்தனை. எழுதிக்கொண்டிருக்கும்போதே விலங்குடன் வந்து விழுந்த அபூஜந்தல் (ரலி) திருப்பியனுப்பப்பட்டார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பொறுமையைப் போதித்தார்கள். உமர் (ரலி) ஆற்றாமையால் துடித்தார்கள். அபூபஸீர் (ரலி) மதீனா வந்தும் தங்க இயலாமல், இரு தரப்புக்கும் உட்படாத கடற்கரைப் பகுதிக்குச் சென்றார். அவரைப் போன்றோர் அங்கே திரண்டு வணிகக் கூட்டங்களை மறிக்கவே, குறைஷியர் தாமே வந்து அந்நிபந்தனையைக் கைவிட வேண்டினர். ஹிஜ்ரத் செய்து வந்த பெண்களைத் திருப்பியனுப்ப வேண்டாம் என்று இறைவசனமே இறங்கிற்று. இணைவைப்போருள் ஒருவர் தஞ்சம் கேட்டாலும் அளித்து, அவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்குமாறு சூரா தவ்பா கட்டளையிட்டது. இந்நெருக்கடிகளையெல்லாம் விரித்து எழுதினால் நம் மார்க்கத்தின் பெருமை குறையாது, கூடும். தஞ்சம் புகுந்தவன் தன்னைப் பற்றிய ஒப்பந்தம் எழுதப்படும்போது படும் வேதனையை மறைக்காமல் பதிந்துவைத்த வரலாறு நம்முடையது.

அடைக்கலம் தவறிய கதை முஸ்லிம் அரசுகளிலும் உண்டு. 1920இல், கிலாபத் இயக்க நாளில், சிந்து, பஞ்சாப், எல்லைப்புற மாகாணம் ஆகிய பகுதிகளிலிருந்து பல்லாயிரவர் வீட்டை விற்று, மாட்டை விற்று, ஆப்கானிஸ்தானுக்கு ஹிஜ்ரத் புறப்பட்டனர். வரவேற்ற அமீர் அமானுல்லாஹ்வே ஆகஸ்டில் எல்லையை மூடினார். திரும்பியோர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. ஆகவே இனமும் மதமும் ஒன்றாயிருப்பது போதாது. சட்டமும் வேண்டும், கையொப்பமிடும் அண்டைவீட்டாரும் வேண்டும்.

இன்றைய கரை

புதுச்சேரி 1954 நவம்பர் முதல் நாள் இந்தியாவின் ஆட்சிக்குள் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி முழுமையுற்றது. பாகூரை ஒட்டிய அந்தச் சதுரங்க எல்லையை இன்று யாரும் அஞ்சிக் கடப்பதில்லை. நம் வட்டாரத்து அகதியின் எல்லை கடலுக்கு நகர்ந்துவிட்டது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குத் தமிழகமெங்கும் முகாம்கள் அமைந்தன. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் உள்ளாகக் குறிஞ்சிப்பாடியிலும் ஒன்று உண்டு. முதலில் தமிழகம் மனமுவந்து வரவேற்றது. 1991 மே 21க்குப் பின் காற்று மாறியது. 1992இல் திருப்பியனுப்பும் பணி தொடங்கியது. வந்தவர்கள் அதே மக்கள்தாம். அரசின் நோக்குத்தான் வேறு.

அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி யார் என்று வரையறுக்கும் சட்டமும் இங்கில்லை. 1946ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டம் நெடுங்காலம் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்தது. அதன் இடத்தில் 2025இல் புதிய சட்டம் வந்தது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழருக்கு அதன் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கும் தரப்பட்டது. நல்லதே, ஆனால் விலக்கு உரிமையாகிவிடாது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ மூன்று நாடுகளைச் சொல்லி ஆறு சமயத்தாரைச் சொல்லிற்று. அப்பட்டியலில் இலங்கையும் இல்லை, முஸ்லிமும் இல்லை. முகாமில் பிறந்து வளர்ந்து நாற்பதை எட்டும் ஒருவர் இன்னும் தம்மை யார் என்று எழுதுவது என்றறியாமல் நிற்கிறார்.

இலங்கை முஸ்லிம்களின் துயரையும் இங்கே மறக்கலாகாது. 1990 அக்டோபரில் விடுதலைப்புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரமே தவணை. பெரும்பாலோர் புத்தளம் சேர்ந்தனர். நாட்டின் எல்லையைத் தாண்டாத ஒரே காரணத்தால் ஏட்டில் அவர்கள் அகதிகள் கூட அல்லர், இடம்பெயர்ந்தோர். நம் தமிழக இதழ்களில் இவர்களைப் பற்றி எத்தனைப் பக்கங்கள் வந்தன என்று எண்ணிப் பார்த்தால் தலைகுனிய வேண்டியிருக்கும். இவ்விதழும் அதற்கு விலக்கன்று.

அடைக்கலம் பற்றி எழுதுவோரிடம் நாம் வேண்டுவது இதுவே: கொடியைப் பாடும் முன் விதியைப் படியுங்கள், வீரனை வரைந்த பின் அவன் வீட்டுப் பெண்களிடமும் கேளுங்கள், கையொப்பமிட்டவர்களின் பெயர்களை விடாமல் எழுதுங்கள். படிக்கும் குடும்பங்களிடம் வேண்டுவதும் ஒன்றுண்டு. பக்கத்து முகாமிலிருந்து ஒரு பிள்ளை நம் தெருப் பள்ளிக்கு வந்தால், வாடகைக்கு வீடு கேட்டு ஒருவர் நம் வாயிலில் நின்றால், முதலில் அவர் வாயால் அவர் கதையைக் கேளுங்கள். நஜ்ஜாஷி மன்னர் செய்தது அதுதான். சான்றுக் கையொப்பம் தேவைப்பட்டால் தயங்காமல் இடுங்கள். சங்கரச் செட்டியாரும் அவருடைய நண்பர்களும் செய்தது அதுதான்.

சிதம்பரத்து மாணவத் தம்பிக்கு: பாரதியார் அந்த விண்ணப்பத்தை எழுதினார். எழுதும்படி அவரை இரண்டு அரசாங்கங்கள் கொண்டுவந்து நிறுத்தின. இதை அன்றைக்கே உங்களுக்கு எழுந்து சொல்லியிருக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.